மழைக்காலத்துக் கொடுவா

புரட்டாசி, செவ்வாய் இரவு.

எழுதத் தெரியாது. போனிடம் சொல்லி வைக்கிறேன்.

உப்பங்கழியில் தூண்டில் போட வருகிறவர்களுக்குப் படகோட்டி, மீன் இருக்கும் இடம் காட்டுவது என் பிழைப்பு. இன்று வந்த சென்னை சார் பாலத்தடியில் பெரிய கொடுவா பிடித்தார். போட்டோ எடுத்துவிட்டுத் தண்ணீரிலேயே விட்டுவிட்டார். தின்னாதவருக்கு மீன்மேல் அப்படி என்ன ஆசை?

"கோடையில பாலத்தடி, சரி. மழைக்கு இந்த மீன் எங்க போகும், தாத்தா?" என்றார்.

அது எனக்கும் என் மச்சினன் ஏழுமலைக்கும் மட்டும்தான் தெரியும். தெரிந்துகொண்டால் என்னை எதற்குக் கூப்பிடப் போகிறார்? உப்பளத்து வாய்க்கால் பக்கம் கையைக் காட்டினேன்.

சார் சிரித்துவிட்டார். "போங்க தாத்தா, அங்க முழங்கால் சேறு. படகே மாட்டிக்கும்."

இந்தத் தண்ணீருக்கே இன்றுதான் முதல் தடவை வருவதாகக் காலையில் சொன்னவர் அவர். போன வாரம் நான் பெருமுக்கல் கோயிலுக்குப் போனபோது படகு ஏழுமலையிடம் இருந்தது.

சாயங்காலம் அவனிடம் கேட்டேன். "யாராச்சும் வந்தாங்களாடா?"

"யாரு வர்றாங்க மாமா" என்றான், வலையை உதறிக்கொண்டே. என் முகத்தைப் பார்க்கவில்லை.

பக்கத்தில் அவன் அக்கா தூங்குகிறாள். இவளிடம் எப்படிச் சொல்வது? மழைக்காலத்து இடத்தையும் காட்டிவிட்டானோ? காட்டியிருந்தால் சார் என்னிடம் ஏன் கேட்டார்? நான் பொய் சொல்கிறேனா என்று பார்த்தாரோ?