பெயர் சொல்லி அழுத பாட்டு

அப்புக்குட்டி,

நேற்று உன் மியூசிக் பேண்டில் டிரம்ஸ் அடிக்கிற திலீபன் வந்தான். நம் திராட்சைக் கொட்டகையில் நீங்கள் பதிவு செய்த பாட்டை வெளியிடலாமா என்று கேட்டான்.

பேண்டு ஆரம்பித்து அப்போது ஒரு வருசம்கூட ஆகவில்லை. கிடாரோடு என் ஒப்பாரியும் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றாய். "எழவு விழாத எடத்துல பாடக்கூடாதுடா. யாரு பேரச் சொல்லி அழுக?" என்றேன். "எம்பேரச் சொல்லு ஆத்தா. நான் எங்கன போயிரப் போறேன்?" என்று சிரித்தாய். நீ கேட்டு நான் எதை மறுத்திருக்கிறேன். பாடினேன்.

பத்தாம் நாள் குமுளி மலையிலிருந்து உன் பைக்கை மட்டும் திலீபன் தள்ளிக்கொண்டு வந்தான்.

நம் கோம்பை ஊர்ப் பெண்கள் எல்லோரும் கூடி அழுதார்கள். எனக்கு வாயே திறக்கவில்லை. உனக்கு உள்ளதை நான் முன்னமே பாடிவிட்டேன்.

"ஒங்களுக்குச் சங்கடமா இருந்தா பேர மட்டும் அழிச்சிருவோம் அத்த," என்கிறான் திலீபன். போனில் போட்டுக் காட்டினான். நான் உன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிற இடத்தில், "இன்னும் சத்தமா ஆத்தா" என்று நீ சொல்வதும் சேர்ந்து கேட்கிறது. பெயரை அழித்தால் அதுவும் போய்விடுமாம்.

அழிக்கச் சொல்லட்டுமா?

உன்னைப் பெற்றவள்