நாளைக்குக் காலையில வரேன்

மார்ச் 3, செவ்வாய்

மகள் புதுப் போன் வாங்கி வந்திருக்கிறாள். எனக்குத்தான். முகம் பார்க்கிற கண்ணாடி மாதிரி பளபளவென்று இருக்கிறது. அவள் தொட்டால் ஓடுகிறது. நான் தொட்டால் அசைய மாட்டேன் என்கிறது.

"விரலத் துடைச்சுட்டு தொடும்மா."

துடைத்தேன். அப்போதும் இல்லை. பதினோரு வருஷமாக கேண்டீனில் பாத்திரம் தேய்க்கிற விரல். ரேகையெல்லாம் சோப்புத் தண்ணீரோடு போய்விட்டது. கைரேகை வைக்கச் சொன்ன ஆபீசிலும் இதே கதைதான். மூன்று தடவை வைக்கச் சொல்லிவிட்டு, "உங்களுக்கு விரலே இல்லைன்னு காட்டுதும்மா" என்றான் அந்த ஆள். பத்தையும் நீட்டிக் காட்டினேன்.

என்னுடைய சின்னப் போன் போன மாசம் பாத்திரத் தொட்டிக்குள் விழுந்து செத்தது. அன்றிலிருந்து அவள் அப்பாவுடைய போன்தான் என்னிடம் இருக்கிறது. எனக்கு அது போதும். திரையைப் பக்கவாட்டில் தள்ளினால் அடியிலிருந்து வரிசை வரிசையாகப் பட்டன் வெளியே வரும். அமுக்கினால் அமுங்கும். அதற்கு என் விரலைப் பற்றி ஒரு புகாரும் கிடையாது.

"இது போன் இல்லம்மா. பென்சில் பாக்ஸ்."

இருக்கட்டும் என்றேன்.

மார்ச் 4, புதன்

மறந்து மறந்து போகிறது, எழுதி வைக்கிறேன். முழுசாகத் தள்ளினால் திரை வெள்ளையாகிவிடும். முக்கால்வாசி தள்ளி, இடது கட்டைவிரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். மணி அடிக்கும்போது திறந்தால் பேசலாம். மூடினால் வைத்துவிடும். பின்மூடிக்கு ரப்பர் பேண்ட் போட்டாக வேண்டும். சார்ஜர் ஒயரை ஒரு வளைவு வளைத்தால்தான் ஏறும். 'ஏ' பட்டனில் எழுத்தே இல்லை, வெறும் கறுப்பு.

அவரையும் இப்படித்தான் பக்குவம் பார்த்துப் பழகினேன்.

மார்ச் 6, வெள்ளி

தப்புப் பண்ணிவிட்டேன்.

அவர் வாஷிங் மெஷின் மெக்கானிக். கடை கிடையாது. போனில் கூப்பிட்டால் டூல் பையைத் தூக்கிக்கொண்டு போவார். கூப்பிடுகிறவர்கள் பேரைப் போனில் போட மாட்டார், மெஷின் கோளாறைத்தான் போடுவார். இங்கிலீஷ் எழுத்தில் தமிழ். நான் எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். ஒழுகும் மெஷின் மாடி வீடு. கத்தும் மெஷின் பல் டாக்டர். ஒரு மெஷினும் இல்லாத ஒருத்தர் இருக்கிறார், அவர் பேர் சும்மா கூப்பிடும் மாமா.

இன்றைக்கு 'ஆடும் மெஷின் ஹாஸ்டல்' மெசேஜ் அனுப்பியிருந்தது. "அண்ணே, மெஷின் ஆடி ஆடி நடந்து பாத்ரூம் வாசலுக்கே வந்துடுச்சு. பொண்ணுங்க தாண்டிக் குதிச்சுப் போறாங்க. எப்ப வருவீங்க?"

படித்துவிட்டு மூடலாம் என்று போனேன். கட்டைவிரல் ஒன்றாம் நம்பரில் அழுந்திவிட்டது. அவர் அடிக்கடி எழுதுகிற பதிலை அதில் ஏற்றி வைத்திருந்தார், எனக்கு ஞாபகமே இல்லை. ஒன்றுக்கு "நாளைக்குக் காலையில வரேன்". இரண்டுக்கு "பார்ட் இன்னும் வரல". மூன்றுக்கு "வழியில இருக்கேன்".

நாளைக்குக் காலையில வரேன் போய்விட்டது. ஐயோ, என்ன நினைப்பாங்க? பயந்து அலறிடுவாங்களோ?

பதில் வந்தது. "இதத்தானே நாலு மாசமா சொல்றீங்க. சரி வாங்க."

அவர் இல்லாமல் மூன்று மாசம் ஆகிறது. ரெண்டு மாசம் போன் அணைந்தே கிடந்தது. ஹாஸ்டலில் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

சிரிப்பு வந்தது. சத்தமாகச் சிரித்தேன். பிறகு அடுப்பை அணைத்துவிட்டுச் சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்துகொண்டேன்.

மார்ச் 9, திங்கள்

பல் டாக்டர் கேட்டிருந்தார். கை தவறவில்லை இந்தத் தடவை. இரண்டாம் நம்பரை நானேதான் அமுக்கினேன். பார்ட் இன்னும் வரல.

"பரவாயில்ல, மெதுவா வாங்க" என்று பதில்.

கேண்டீனில் தட்டு அடுக்கும்போதெல்லாம் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். எங்கேயோ வேலையாகப் போயிருக்கிறார், மெதுவாக வருவார். இப்படி நினைத்தால் கை சுறுசுறுப்பாக ஓடுகிறது.

தப்புதானே இது? தப்புதான்.

மார்ச் 14, சனி

இன்றைக்கு மட்டும் நாலு பேருக்கு நாளை, இரண்டு பேருக்குப் பார்ட் வரவில்லை. அவர் இருந்தபோதுகூட இவ்வளவு ஒழுங்காகப் பதில் போட்டதில்லை. ஒழுகும் மெஷின் மாடி வீட்டம்மா, "இப்பல்லாம் உடனே பதில் போடுறீங்க, ரொம்ப மாறிட்டீங்க" என்று பாராட்டி எழுதியிருக்கிறாள்.

மகள் சாப்பிடும்போது என்னையே பார்த்தாள். "யாருக்கு அவ்ளோ டைப் அடிக்கிற?"

"உங்க அப்பாவுக்கு வந்ததப் பாக்குறேன்."

"எல்லாருக்கும் சொல்லிட்டியா, இல்லையா?"

சொல்லணும், சொல்லணும் என்று எழுந்து தண்ணீர் எடுக்கப் போய்விட்டேன்.

அன்றைக்கு எல்லாருக்கும் அவள்தான் சொன்னாள். சொந்தக்காரர்களுக்கு, கேண்டீனுக்கு, வீட்டு ஓனருக்கு. என்னிடம் வந்தவர்கள் எல்லாம் தெரிந்துகொண்டுதான் வந்தார்கள், வரும்போதே அழுதுகொண்டு வந்தார்கள். என் வாயால் நான் இன்னும் ஒரு ஆளிடமும் அந்த வார்த்தையை— இந்த நோட்டில்கூட எழுதவில்லை. திருப்பிப் பார்த்தேன். இல்லை.

மார்ச் 17, செவ்வாய்

கை ஈரம். ஹாஸ்டலுக்கு மூன்றாம் நம்பர் போய்விட்டது. "வழியில இருக்கேன்."

மார்ச் 18, புதன்

ஹாஸ்டல்: "நேத்து காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் கேட்டத் திறந்து வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். எந்த ஊர் வழியில இருக்கீங்க?"

கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. "முப்பது பேர் துணி ஊறிக் கெடக்கு. பழைய பில்லுல உங்க அட்ரஸ் இருக்கு. சனிக்கிழமை நேர்ல வரேன். நான் வரேன்னு சொன்னா வருவேன்."

மார்ச் 21, சனி

வந்துவிட்டாள்.

சாயங்காலம் ஐந்து மணி. கதவைத் தட்டிய தட்டிலேயே தெரிந்துவிட்டது. நல்ல உயரம், நல்ல குரல், கையில் மடித்த பில்.

"அண்ணன் இருக்காரா?"

வாயைத் திறந்தேன். சொல்லிவிடலாம் என்றுதான் திறந்தேன். "குளிக்கிறார்" என்று வந்தது.

"வரட்டும். நான் உக்காந்திருக்கேன்."

உட்கார்ந்துவிட்டாள். டீ போட்டுக் கொடுத்தேன். பிஸ்கட் கொடுத்தேன். மின்விசிறியைக் கூட்டினேன். அவள் பாத்ரூம் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தண்ணி சத்தமே காணோம்?"

நான் எழுந்து போய், கதவைக் கொஞ்சமாகத் திறந்து உள்ளே நுழைந்து, குழாயைத் திறந்து விட்டு, வெளியே வந்து சாத்தினேன். என்ன பைத்தியக்காரத்தனம் இது? ஆனால் செய்தேன்.

"நீங்க எதுக்கு உள்ள போனீங்க?"

"சோப்பு குடுக்க."

அவளுக்கு முகம் ஒரு மாதிரியாகிவிட்டது. இரண்டாவது டீயும் முடிந்தது. உள்ளே வாளி நிரம்பி வழிகிற சத்தம்.

"ஏம்மா, குளிச்சு முடிக்கிறதும் நாளைக்குக் காலையிலதானா?"

அந்த நேரம் பார்த்து மகள் மருந்துக் கடை வேலை முடிந்து வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "யாரும்மா உள்ள? தண்ணி ஹாலுக்கு வருது பாரு!" என்று ஓடிப்போய்க் கதவைத் தள்ளினாள். உள்ளே வாளியும் குழாயும்தான்.

ஹாஸ்டல் அக்கா எழுந்து நின்றாள். உள்ளே பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "அண்ணன் எங்க?"

மகள் வாயைத் திறந்தாள். நான் அவள் கையைப் பிடித்தேன்.

"நான் சொல்றேன். அவரு செத்துப் போயிட்டாருக்கா. டிசம்பர் ஒண்ணாந்தேதி. பஸ் ஸ்டாப்ல டூல் பையோட நின்னுட்டு இருந்தாரு. தலை சுத்துதுன்னு உக்காந்தாராம். அவ்ளோதான். அவ்ளோதான்க்கா."

குழாயை யாரும் மூடவில்லை. மூன்று பேர் காலும் நனைந்துகொண்டிருந்தது.

"அப்ப எனக்கு எழுதினது?"

"நான்தான்."

"வழியில இருக்கேன்னு?"

"அது கை தவறிப் போச்சு. மத்ததெல்லாம் தெரிஞ்சே செஞ்சேன்."

அவள் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்குகிறது. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. எடுத்தபோது இரண்டும் இருந்தது. "அந்த மனுசன நான் என்னென்ன திட்டி எழுதிட்டேன்!"

"எல்லாம் படிச்சேன்க்கா. சரியாத்தான் திட்டியிருந்தீங்க."

மகள் துடைப்பத்தை எடுத்து வந்தாள். ஹாஸ்டல் அக்கா அதைப் பிடுங்கி, அவளே ஹால் முழுக்கத் தண்ணீரைத் தள்ளினாள். போகும்போது வாசலில் நின்று கேட்டாள்.

"அவரு ஹெட் ஆபீசுக்காவது சொல்லிட்டீங்களா?"

"எந்த ஆபீசு?"

"வேலை பாத்துக்கிட்டே இருப்பாரு. போன் வரும். எடுத்துப் பாத்துட்டு, ஹெட் ஆபீஸ் கூப்பிடுது, உடனே போகலைன்னா அவ்ளோதான்னு எல்லாத்தையும் அப்படியே போட்டுட்டு ஓடுவாரே. அவங்க."

அவருக்கு ஆபீசே கிடையாது என்று சொன்னேன்.

மார்ச் 22, ஞாயிறு

காலையில் அவர் போனில் தேடினேன். ஹெட் ஆபீஸ் இருந்தது. அதற்குக் கீழே இருந்தது என் நம்பர். தொட்டியில் விழுந்த போனுடைய நம்பர்.

வரும்போது தக்காளி வாங்கிட்டு வாங்க. மழை வருது, மாடித் துணிய எடுக்கணும், எங்க இருக்கீங்க? இன்னிக்காவது சீக்கிரம் வருவீங்களா, இல்லையா? இவ்வளவுதான் நான் கூப்பிட்டுச் சொல்வது. ஊரில் பாதி மெஷின் இதனால்தான் பாதியில் நின்றிருக்கிறது.

மகளிடம் காட்டினேன். அவள் சிரித்துச் சிரித்து இருமினாள். "உனக்குக் கீழதான் வேலை பாத்திருக்காரும்மா."

பத்தொன்பது வருஷம். ஒரு வார்த்தை சொல்லவில்லை என்னிடம். திருட்டு மனுஷன்.

மத்தியானம் சாப்பிட முடியவில்லை.

மார்ச் 24, செவ்வாய்

எல்லாருக்கும் சொல்லிவிடப் போகிறேன். மொத்தம் நாற்பத்தொரு பேர். "நான் ஒரே தட்டுல எல்லாருக்கும் அனுப்பிடுறேன்" என்றாள் மகள். வேண்டாம் என்றேன். ஆளுக்கு ஒன்றாக நானே எழுதுகிறேன்.

பல் டாக்டருக்கு: "அவர் இறந்துவிட்டார். டிசம்பரில். பார்ட் வரவில்லை என்று சொன்னது நான். மன்னிக்கவும். அவர் மனைவி."

இதை அடிக்க அரை மணி நேரம். இங்கிலீஷ் எழுத்தை ஒவ்வொன்றாகத் தேட வேண்டியிருக்கிறது. 'எம்' பக்கத்தில் 'என்' இருக்கிறது, மாறி மாறி விழுகிறது. கட்டைவிரல் வலி. இன்றைக்கு மூன்று பேர்தான் முடிந்தது.

மார்ச் 26, வியாழன்

சும்மா கூப்பிடும் மாமாவுக்கு எழுதினால் படிக்க மாட்டார். கூப்பிட்டுச் சொன்னேன். காது சுத்தமாகக் கேட்காது.

"அவர் இறந்துட்டாருங்க."

"எங்க இறங்கிட்டாரு?"

"செத்துப் போயிட்டாரு!"

"சத்தமா சொல்லும்மா!"

கத்தினேன். எதிர் வீட்டு ஜன்னல் திறந்தது. மூன்றாம் தடவை கத்தும்போது அது வெறும் வார்த்தையாகத்தான் வெளியே போனது.

மாமாவுக்கு இப்போது கேட்டுவிட்டது. "நல்லா பேசிக்கிட்டு இருப்பான்மா. மெஷின் வாங்கு, மெஷின் வாங்குன்னு சொல்லுவான்" என்றார். நாளைக்கு என்னைக் கூப்பிடலாமா என்று கேட்டார். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் கூப்பிடுங்கள் என்றேன்.

மார்ச் 28, சனி

பஸ் ஸ்டாண்டு பக்கம் இருக்கிற இன்னொரு மெக்கானிக்கை ஹாஸ்டலுக்கு அனுப்பினேன். போவதற்கு முன்னாடி அவனிடம் சொல்லி வைத்தேன்: "மோட்டாரைக் கழட்டாதீங்க தம்பி. நடக்கிற மெஷினுக்கு உள்ள கோளாறு ஒண்ணும் இருக்காது. நாலு காலும் சமமா நிக்குதான்னு மட்டும் பாருங்க." சாப்பிடும்போது போனை ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு அவர் எல்லாருக்கும் சொல்வது இதுதான். மெஷின் போடுகிற சத்தத்தையும் போனிலேயே கேட்பார். சோறு பரிமாறுகிற நேரமெல்லாம் நானும் கேட்டிருக்கிறேன்.

ஹாஸ்டல் அக்கா எழுதியிருந்தாள். "பத்து நிமிஷத்துல முடிஞ்சுது. இதுக்கா நாலு மாசம்?"

எனக்கே வெட்கமாகப் போய்விட்டது. நான்தான் ஒருநாள் அங்கிருந்து பாதியில் கூப்பிட்டிருப்பேன் என்று எழுதினேன்.

ஏப்ரல் 1, புதன்

இருபத்தாறு பேர் முடிந்தது. புதுப் போனை மகளே வைத்துக்கொண்டாள்.

ஏப்ரல் 5, ஞாயிறு

புது நம்பர். "மெக்கானிக் சார், உங்க நம்பர் ஃப்ரெண்ட் குடுத்தார். மெஷின்ல தண்ணி வெளிய போகல. எப்ப வர முடியும்?"

அரிசியை அடுப்பில் வைத்துவிட்டு எழுதினேன். "அவர் இறந்து நாலு மாசம் ஆகிறது. நான் அவர் மனைவி. மெஷின் என்ன சத்தம் போடுகிறது?"

பதில் வந்தது. "ஆழ்ந்த இரங்கல் அம்மா. கடகடன்னு போடுது."

கடகடவென்றால் சட்டைப் பையிலிருந்து ஏதோ விழுந்திருக்கிறது. அதற்கு ஆள் போக வேண்டியதில்லை. முன்பக்கம் கீழே ஒரு சின்ன மூடி இருக்கும், முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள், அடியில் துணி போட்டுவிட்டுத் திருகுங்கள், தண்ணீர் கொட்டும், பயப்படாதீர்கள் என்று எழுதினேன். அனுப்பி முடிக்கும்போது சோறு வெந்துவிட்டது.

அரை மணி நேரத்தில் மறுபடி வந்தது. "சரியாயிடுச்சும்மா. ரெண்டு காசு, ஒரு ஹேர்பின், ஒரு தோடு. தோடு தன்னோடது இல்லன்னு என் மனைவி சொல்றா. வீட்டுல பெரிய சண்டை. என்ன பண்றதுன்னு தெரியல."

அதற்கு வேற ஆளைப் பாருங்கள் என்று எழுதிவிட்டு, மகளைச் சாப்பிடக் கூப்பிட்டேன்.