பாவப்பட்ட குளிகை

12 அக்டோபர் 2019, சனி

அவர் ஆழ்கடலுக்கு மீன்பிடிக்கப் போயிருக்கிறார். போனில் லைன் கிடைக்கவில்லை.

திரும்பி வந்தால் வேண்டுமே என்று இன்று அவருடைய நெஞ்செரிச்சல் குளிகை வாங்கப் போனேன். மெடிக்கல்காரர் தரவில்லை. "அதுல கேன்சர் வரவைக்கிற ஏதோ கலந்திருக்காம்ணு பேப்பர்ல போட்டிருக்கு அக்கா. உறுதி ஒண்ணும் இல்ல. ஆனாலும் வருஷக்கணக்கா போடுறவரு, டாக்டரிட்ட கேளுங்க."

கட்டன்சாயாவுக்கு முன்னால் அதை விழுங்காமல் அவருக்கு விடியாது. போட்டில் யாருக்கு வயிறு எரிந்தாலும் ஒன்றை நீட்டுவார். "பாவப்பட்ட குளிகை மக்கா, ஒண்ணும் செய்யாது." மாமனார் வயிற்றில் கேன்சர் வந்துதான் போனார்.

பீடியை விடச் சொன்னேன், குடியை விடச் சொன்னேன். எதையும் கேட்காத மனிதர். புறப்படும்போது, "குளிகைய மறக்காண்டாம்" என்றேன்.

அதை மட்டும் கேட்பார்.