மதில்மேல் ஒரு ரொட்டி

டிரம்கீரன், லீட்ரிம்
20 பிப்ரவரி 1947

தங்கை டெலியாவுக்கு,

அண்ணன் ஓவன் எழுதுகிறேன். ஏழு வருஷம் கழித்து இவனுக்கு என்ன வந்தது என்பாய். சின்னவள் நான்சிக்குக் கக்குவான். இருமி இருமி முகம் நீலம் பாரித்துவிடுகிறது. குடித்த பால் தங்குவதில்லை. இந்தப் பனியில் டாக்டரின் கார் மலையேறாது. பிறந்த வீட்டுப் பெயரும் புகுந்த வீட்டுப் பெயரும் ஒன்றாக உள்ளவள் சுட்ட ரொட்டிக்குத்தான் இது கேட்கும் என்கிறாள் உன் அண்ணி. டோலனாகப் பிறந்து டோலனுக்கே வாழ்க்கைப்பட்டவள் இந்தப் பக்கத்தில் நீ ஒருத்திதான். ஒரு ரொட்டி அனுப்பு. உன்னைக் கட்டிய அந்த ஆளிடம் எனக்குப் பேச்சில்லை.

ஓவன்

ஆரிக்னா
24 பிப்ரவரி, காலை

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் கையெழுத்தைப் பார்த்ததும் அழுதேன். பிறகு கோபம் வந்தது. "ஒரே பேருக்குள்ள கட்டினா விளங்குமாடி?" என்று கேட்டவனுக்கு இன்று அந்தப் பெயர்தான் மருந்து! போகட்டும், குழந்தை என்ன பாவம் செய்தாள். தபாலை நம்ப முடியாது, என் வீட்டுக்காரர் ஃபீலிமே கொண்டுவருகிறார். "என் வாசப்படிய மிதிச்சா கால ஒடிச்சிருவேன்" என்று கல்யாணத்தன்று நீ சொன்னதை அவர் மறக்கவில்லை. மதில்மேல் வைத்து, ஒரு குரல் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடுவார். மூன்று நாள் காலையில் வெறும் வயிற்றில் ஒரு துண்டு கொடு. நன்றி மட்டும் சொல்லாதே, சொன்னால் மருந்து முறிந்துவிடும். உனக்கு அது கஷ்டமாக இருக்காது.

டெலியா

26 பிப்ரவரி

அண்ணா,

எடுத்துப்போக ஆளில்லாமலே எழுதுகிறேன். அவர் கிளம்பிய அன்று சாயங்காலம் பிடித்த பனிப்புயல் இன்றுதான் ஓய்ந்தது. கதவைத் திறந்தால் எதிரே வெள்ளைச் சுவர். "இருட்டறதுக்குள்ள வந்துருவேன், கிழங்க வேகப்போடு" என்று போனவர். எனக்குப் பயமாக இருக்கிறது. ஒன்றே ஒன்று சொல். அவரை உள்ளே கூப்பிட்டாயா?

டெலியா

3 மார்ச்

டெலியாம்மா,

ஃபீலிம் உயிரோடு இருக்கிறார். தபால்காரர் இன்றுதான் நடந்தே வந்தார். உன் கடிதம் கிடைத்தது.

நான் கூப்பிடவில்லை. குரல் கேட்டது. வீம்பில் கதவைத் திறக்காமல் நின்றேன். பிறகு ரொட்டியை எடுக்கப் போனால் பனி கொட்டுகிறது. அவர் போன தடம் என் கண்ணெதிரே மூடுகிறது. ஓடினேன். கிணற்றுத் திருப்பத்தில் விழுந்து கிடந்தார். "விடு ஓவன், உன் வாசப்படி எனக்கு ஆகாது" என்றார். "நீ எங்கடா மிதிக்கப்போற, என் முதுகுலதானே வர்ற" என்று தூக்கிவந்தேன்.

பொய் சொல்லமாட்டேன், குளிரில் அவர் வலது காலில் இரண்டு விரல்கள் கறுத்துவிட்டன. நான்சி மூன்று நாள் காலையிலும் ரொட்டி தின்றாள். இருமல் இன்னும் இருக்கிறது. ஆனால் நேற்றிலிருந்து பால் தங்குகிறது.

நன்றி சொல்லவில்லை. எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

பாதை திறந்தாலும் மாப்பிள்ளையை அனுப்பமாட்டேன். நீ வந்து கூட்டிப்போ.

உன் அண்ணன்