கட்டில் எத்தனை அப்பா பாதம்?

ஜூலை 4

குட்டியின் அப்பாவுக்கு,

போன் செய்தால் நீங்கள் எடுப்பதில்லை. அதனால்தான் கடிதம். நம் சண்டை ஒருபக்கம் இருக்கட்டும். இது உங்கள் மகளின் வீட்டுப்பாடம்.

வீட்டில் எல்லோருடைய பாதத்தையும் தாளில் வரைந்து வெட்ட வேண்டுமாம். கட்டில் எத்தனை அப்பா பாதம், எத்தனை அம்மா பாதம், எத்தனை தன் பாதம் என்று அளக்க வேண்டுமாம். கடைசியில், ‘விடைகள் ஏன் வேறுபடுகின்றன? விவாதிக்க’ என்று ஒரு கேள்வி. ஆறு வயதுக் குழந்தை யாரோடு விவாதிக்கும்? கட்டிலோடா?

வாசலில் நீங்கள் விட்டுப்போன பழைய செருப்பை வைத்து வரைந்து கொடுத்தேன். டீச்சர் சிவப்பு மையில், ‘இது செருப்பு. பாதம் வேண்டும்’ என்று எழுதித் திருப்பி அனுப்பிவிட்டார். குட்டி பையைத் தூக்கி எறிந்துவிட்டு, "எல்லார் வீட்லயும் அப்பா கால் இருக்கு, நம்ம வீட்ல மட்டும் ஏன் இல்ல?" என்று கேட்டாள். மருந்துக் கடை வேலையில் நாளெல்லாம் நின்றுவிட்டு வந்து இதற்கு நான் என்ன பதில் சொல்ல?

உடனே காலை வரைந்து அனுப்பவும்.

குட்டியின் அம்மா

ஜூலை 8

கோபக்காரிக்கு,

பாதம் இத்துடன் இருக்கிறது. ஒரு ஸ்கேலைக் கொடுத்து அளக்கச் சொன்னால் அந்த டீச்சருக்கு என்ன குறைந்துவிடும்?

போன மாதமும் வீட்டுப்பாடத்தில்தான் நம் சண்டை தொடங்கியது. பஞ்சில் மேகம் ஒட்டச் சொன்னார்கள். எந்த மேகம் என்று கேட்டேன், அவ்வளவுதான். "நீங்க இருந்தாலும் ஒண்ணு, இல்லாட்டியும் ஒண்ணு" என்றாய். சரி, இல்லாமல் இருந்து பார்ப்போம் என்றுதான் இந்தத் தூரத்துக் கட்டடத்துக்கு வயரிங் வேலைக்கு வந்தேன். இப்போது காலாவது தேவைப்படுகிறதே!

குட்டிக்கு முத்தம். உனக்கு இல்லை.

அவள் அப்பா

ஜூலை 11

மகானுபாவரே,

பூட்ஸோடு வரைந்திருக்கிறீர்கள்! "இது அப்பா கால் இல்ல, ஏதோ பூதத்தோட கால். அப்பா கட்டைவிரல் வளைஞ்சிருக்கும்" என்று குட்டி ஒரே அழுகை. பூட்ஸைக் கழற்றக்கூடவா நேரமில்லை?

கோபத்தில் ஆயிரம் சொல்வேன். அதில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு ஊர்விட்டுப் போகிறவரை என்னவென்று சொல்வது?

குட்டியின் அம்மா

ஜூலை 15

கோபக்காரிக்கு,

வெறுங்கால். விரல் வளைவும் இருக்கிறது. அறையில் கூடத் தங்கியிருக்கிறவர்கள் எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள்.

லீவு இருக்கிறது. வரச் சொன்னால்தானே வருவேன்?

அவள் அப்பா

ஜூலை 19

குட்டியின் அப்பாவுக்கு,

கட்டில் ஏழு அப்பா பாதம். அளந்து முடித்ததும் அந்தப் பாதத்தை வாசலில் இருக்கும் உங்கள் செருப்புக்குள் வைத்துவிட்டாள். எடுக்க விடவில்லை. டீச்சருக்கு விடையை மட்டும்தான் அனுப்பினோம்.

அடுத்த வாரம் சாணால் அளக்க வேண்டுமாம். அப்பா சாண், அம்மா சாண். அதற்கடுத்து முழமாம். இதையெல்லாம் யோசித்தவர் கையில் கிடைத்தால் சும்மா விடமாட்டேன். உங்களைத் துண்டு துண்டாகத் தபாலில் வரவழைக்க என்னால் முடியாது.

முழு ஆளாக வந்து சேருங்கள். சொல்லிவிட்டேன்.

உங்கள் கோபக்காரி