பாவ் லோக் இறக்கத்துக்கு எந்த கியர்

சோலோன், சைகோன்
13 மார்ச் 2019

இக்னாஸுக்கு கரியமாணிக்கம் எழுதுவது.

உன் கடிதம் திங்கட்கிழமை வந்தது. நலமா என்று கேட்டிருந்தாய். நலம்தான். நீயும், உன் மகள் மாரி-ரோஸும், அவள் வீட்டுக்காரனும் அங்கே தாலாத் குளிரில் நலமாக இருக்கட்டும். உன் தொலைபேசி எண்ணை நான் ஏழு ஆண்டாகத் தடுத்து வைத்திருப்பது உனக்குத் தெரிந்திருக்கிறது. அதனால்தான் தாளில் எழுதியிருக்கிறாய். உன் தகப்பனார் காரைக்காலிலிருந்து கொண்டுவந்து உனக்குக் கற்றுக்கொடுத்த அதே பெரிய பெரிய தமிழ் எழுத்துகள். உறையின் மேல் அவற்றைப் பார்த்ததும், பிரிக்காமலே கிழித்துப்போட நினைத்தேன். மறைப்பானேன்.

உன் மருமகன் பழைய வண்டிச் சந்தையில் ஒரு டீசல் பிக்கப் வாங்கியிருக்கிறான். வாசலுக்கு வந்ததுமே அது நம் வண்டி என்று உனக்குத் தெரிந்துவிட்டது. வரும் திங்கள், பதினெட்டாம் தேதி, காய்கறிக் கிடங்கு ஜெனரேட்டரை டிரெய்லரோடு அதன் பின்னால் மாட்டி, பாவ் லோக் கணவாய் வழியாக சைகோனுக்கு இறக்க வேண்டும். மருமகனுக்குச் சுமை இழுத்துப் பழக்கமில்லை. ஆகவே நீ ஓட்டப் போகிறாய். இவ்வளவையும் எழுதிவிட்டு, கடைசியில் உன் பழைய பிரெஞ்சு ‘ஐயா’வோடு ஒரே ஒரு கேள்வி: “முசே, இறக்கத்துல எந்த கியர் போடணும்னு ஒரு வரி எழுதி அனுப்புங்க.”

ஏழு ஆண்டுக்கு முன் அதே வண்டியில், அதே இறக்கத்தில், என் தம்பி ஆதப்பனைப் பக்கத்து இருக்கையில் வைத்து, என் ஜெனரேட்டர் வாடகைக் கடையின் ஓட்டுநராக நீ ஓட்டினாய். கீழே உயிரோடு வந்து சேர்ந்தது நீ மட்டும். அந்த ஆள் என்னிடம் கியர் கேட்கிறான். இரண்டு நாள் இதையே நினைத்துக் கொதித்துக்கொண்டிருந்தேன்.

கேட்டதற்குப் பதிலை முதலில் எழுதிவிடுகிறேன். பிறகு என் மனம் எப்படி மாறுமோ தெரியாது.

அந்த வண்டிக்கு ஆறு கியர். ‘டி’யில் விட்டால் கம்ப்யூட்டர் தானே மாற்றிக்கொள்ளும். வெறும் வண்டிக்கு அது போதும். பின்னால் இரண்டு டன் தொங்கும்போது இறக்கத்தில் அதற்கு ஒன்றும் தெரியாது. மிதியிலிருந்து காலை எடுத்ததும் டீசலை மிச்சம் பிடிக்கிறேன் என்று ஐந்துக்கும் ஆறுக்கும் தாவிவிடும். எஞ்சின் வண்டியைப் பிடித்து நிறுத்தாது. பாரம் முழுவதும் பிரேக்கின் மேல் விழும். பிரேக் காய்ந்து புகையும். பிறகு மிதித்தால் பஞ்சை மிதிப்பது போல இருக்கும். இதை உனக்கு நான் விவரிப்பது அபத்தம்.

கணவாயின் தலைப்பில் தேநீர்க் கடைகள் இருக்கும் சமதரையில் நிறுத்து. சக்கரத்தின் அருகே குனிந்து மோந்து பார். கால் மணி நேரம் ஆறவிடு. கியர் தண்டை ‘டி’யிலிருந்து பக்கவாட்டில் தள்ளிக் கைக் கியருக்குக் கொண்டுவந்து மூன்றில் வை. இறங்கத் தொடங்கும் முன்பே வை. வேகம் பிடித்த பிறகு தேடாதே. கொண்டை ஊசி வளைவுகளுக்கு இரண்டு. எஞ்சின் கத்தும். முள் சிவப்பைத் தொடாதவரை கத்தட்டும். நாற்பதைத் தாண்டினால் பிரேக்கை ஒரு முறை அழுத்தி மிதி. முப்பதுக்கு வந்ததும் விட்டுவிடு. பிரேக்கின் மேல் காலை வைத்தபடியே வராதே. பின்னால் பேருந்துக்காரன் ஹாரன் அடித்தால் ஒதுங்கி வழி விடு.

தண்டின் பக்கத்தில் கட்டைவிரலுக்கு எட்டும் இழுவைப் பொத்தானை நம்பாதே. அதை அழுத்தினால் டிரெய்லர் படம் போட்ட விளக்கு எரியும், கம்ப்யூட்டர் சுமையைப் புரிந்துகொண்டு மேல் கியருக்குத் தாவாமல் இருக்கும் என்று புத்தகத்தில் போட்டிருக்கிறான். விளக்கு எரிந்தாலும் நம்பாதே. காரணம் பின்னால் சொல்கிறேன்.

இவ்வளவுதான். ஒரு வரி கேட்டாய், ஒரு பக்கம் ஆகிவிட்டது. இத்தோடு மடித்து உறையில் போட்டிருந்தால் என் மரியாதை எனக்கு மிஞ்சியிருக்கும்.

ஆனால் இக்னாஸ், இந்தப் பதில் உனக்குத் தெரியும். ரஷ்ய லாரியில் முப்பது ஆண்டு அந்த மலையில் ஏறி இறங்கியவன் நீ. தெரிந்ததை எதற்காகக் கேட்கிறாய்? அதோடு நடுவே போகிற போக்கில் ஒன்று எழுதியிருக்கிறாய்: “கியர் தண்டோட கழுத்துல இன்னும் மஞ்சளா இருக்கு முசே. நான் தொடைக்கலே.” இந்த வரியைப் படித்தபின் நான் கடையைச் சாத்திவிட்டு, பூ மி பாலத்துக்கு வண்டியை ஓட்டிப் போனேன். இந்த ஊரில் மேடு பள்ளம் என்று இருப்பது பாலங்கள் மட்டும்தான். அந்த இறக்கத்தில் இரண்டாவது கியரில் ஆமை வேகத்தில் இறங்குவேன். பின்னால் நூறு மோட்டார் சைக்கிள் கத்தும். ஏழு ஆண்டாக இப்படித்தான். கியரைத் தொட்டதும் கையில் சந்தன வாசனை அடிக்கும். இப்போது நான் வைத்திருக்கும் வண்டியில் சந்தனம் பட்டதே இல்லை.

அந்த ஆயுத பூசை உனக்கு நினைவிருக்கும். த்ருவோங் டின் தெரு அம்மன் கோயிலுக்கு முன்னால் வண்டியை நிறுத்தி, மாலை போட்டு, சக்கரத்துக்கு எலுமிச்சை வைத்தோம். கண்ணாடி, ஸ்டீயரிங், கியர் தண்டு என்று கண்ணில் பட்டதற்கெல்லாம் நான் என் கையால் சந்தனம் குழைத்து அப்பிப் பொட்டு வைத்தேன். நீ தள்ளி நின்று, “முசே, இது வண்டியா, மாப்பிள்ளையா? இன்னும் கொஞ்சம் போனா பொண்ணு கேட்டுடும் போலிருக்கே” என்றாய். ஆதப்பன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். எனக்குக் கோபம் வந்தது. உன் வேலையைப் பார் என்று உன்னை அதட்டினேன். வயதில் மூத்தவரை நீ, வா, போ என்று பேசாதீர்கள் அண்ணே என்று அவன் என்னைத் தனியாக அழைத்துச் சொன்னதும் அன்றைக்குத்தான். அவன் கடைசிவரை உன்னை “இக்னாஸ் அண்ணே” என்றுதான் கூப்பிட்டான். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. எனக்குப் பிடிக்காதவற்றை எழுதினால் இந்தத் தாள் போதாது.

அதற்கு இரண்டு வாரம் கழித்து நீங்கள் இருவரும் தாலாத்தில் ஒரு கல்யாணத்துக்கு ஜெனரேட்டர் கொடுத்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தீர்கள். அன்று மாலை இங்கே சைகோனில், பூ மி ஹங்கில், இன்னொரு விருந்துக்கு அதே ஜெனரேட்டர் வேண்டும். பிற்பகல் இரண்டு பத்துக்குக் கணவாயின் தலைப்பிலிருந்து நீ எனக்குப் போன் செய்தாய். அந்தப் பழைய போன் இன்னும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. நாற்பத்தேழு விநாடி என்று காட்டுகிறது. “முசே, பொத்தான் பிடிக்க மாட்டேங்குது, உள்ளே போனா வெளியே வரலே, விளக்கும் எரியலே. வரும்போது தண்டைத் தட்டி மூணுல போட்டுத்தான் ஏறினேன். ஏறின கியர்லதானே இறங்கணும், மூணுலயே வந்துடவா?” என்று கேட்டாய்.

நான் என்ன சொன்னேன் என்பது உனக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். இறந்தவனுக்கும் தெரியும். அவன் உன் பக்கத்தில்தானே இருந்தான். போன மாதம் கட்டிய கியர் பெட்டியை உடைக்கப் பார்க்கிறாயா, இது உன் ரஷ்ய லாரி இல்லை, கம்ப்யூட்டருக்கு உன்னைவிட நன்றாகத் தெரியும், ‘டி’யில் விட்டுவிட்டுச் சீக்கிரம் வந்து சேர் என்றேன். பொறியியல் படித்தவன் சொன்னேன்.  நீ “உய், முசே” என்று மட்டும் சொன்னாய், சரி ஐயா என்று. அந்த இரண்டு வார்த்தை என்னை இன்றுவரை விடவில்லை.

மறுநாள் நான் பாவ் லோக்கில் இருந்தேன். ஆதப்பனைப் பார்த்துவிட்டு, வண்டியை நிறுத்தியிருந்த காவல் நிலைய முற்றத்துக்குப் போனேன். ஆதப்பன் உட்கார்ந்திருந்த வலப்பக்கம் கதவே இல்லை. நீ ஓட்டிய இடப்பக்கம் ஒரு கீறல்கூட இல்லை. உள்ளே எட்டிப் பார்த்தபோது இழுவைப் பொத்தான் பள்ளத்துக்குள் போய் ஒட்டிக்கொண்டிருந்தது. அதைச் சுற்றிக் காய்ந்து கெட்டியான சந்தனம். காவலுக்கு இருந்தவர் சிகரெட் பற்ற வைக்கத் திரும்பினார். நான் கடைச் சாவியால் அதைச் சுரண்டி எடுத்தேன். முழுவதும் எடுத்தேன் என்று நினைத்தேன். பொத்தான் சட்டென்று வெளியே வந்தது. அழுத்திப் பார்த்தேன். விளக்கு எரிந்தது.

இரண்டு நாள் கழித்து மெக்கானிக் வந்து சோதித்துப் பொத்தான் நன்றாகவே வேலை செய்கிறது என்று எழுதிக்கொடுத்தான். ஆகவே ஓட்டுநர் அதை அழுத்தவே இல்லை என்று ஆயிற்று. விசாரணையில் என்னைக் கேட்டார்கள். ஓட்டுநருக்கு எல்லாம் சொல்லிக்கொடுத்திருந்தேன், அவர் பின்பற்றவில்லை என்று கையெழுத்துப் போட்டேன். உனக்குப் பதினைந்து மாதம். மாரி-ரோஸ் கல்யாணத்துக்குக்கூட நீ வெளியே வர முடியவில்லை.

அத்தோடு நான் விட்டிருக்கலாம். பிரேக் போன வண்டியை மலைப்பக்கம் திருப்பியது உன் பக்கத்தைக் காப்பாற்றிக்கொள்ளத்தான், என் தம்பியைப் பாறைக்குக் கொடுத்துவிட்டாய் என்று எல்லோரிடமும் சொன்னேன். ஊரில் தம்பி மனைவி மீனாளிடம் அதையே சொன்னேன். அவள் இன்றைக்கும் உன்னைச் சபித்துத்தான் விளக்கேற்றுகிறாள். காரியத்துக்கு வந்த பங்காளி சாத்தப்பன், “படிச்சவன் ஃபேனுக்குக் கீழே, தம்பிக்காரன் ரோட்டுல” என்று என் காதுபடவே சொன்னான். அவனோடு இன்றுவரை பேச்சில்லை. அவன் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை என்பதுதான் காரணம். மறு வருடம் யாருக்கும் சொல்லாமல் அந்த வளைவுக்குப் போய் நின்று பார்த்தேன். இடப்பக்கம் காற்று மட்டும்தான் இருக்கிறது. அந்தப் பக்கம் போயிருந்தால் இருவருமே இல்லை. நீ செய்யக்கூடியதைத்தான் செய்திருக்கிறாய். அதையும் ஆறு ஆண்டு எனக்குள்ளேயே வைத்துக்கொண்டேன்.

உன்மேல் எனக்கு இருந்த கோபத்தின் பெயர் இப்போதுதான் எனக்குத் தெரிகிறது. அந்தப் போனைப் பற்றி நீ வாயே திறக்கவில்லை. விசாரணையில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் போனை வாங்கிப் பார்த்திருப்பார்கள். தம்பியைப் பறிகொடுத்தவன் என்று இரக்கப்பட்டாயா, அவன் கடைசியில் உன்னிடம் ஏதாவது கேட்டுக்கொண்டானா? ஏழு ஆண்டும் நீ சொல்வாய், இன்று சொல்வாய் என்று காத்திருந்தேன். சொல்லாமல் இருந்தே என்னைக் கொன்றாய். இப்போது வண்டியே உன் வாசலுக்கு வந்து நிற்கிறது, நீ கியர் கேட்கிறாய்.

மீனாளுக்கு இதையெல்லாம் எழுதி இன்று காலையே பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். உனக்கு முன்னால் அவளுக்கு அனுப்பியதற்குக் காரணம், என்னை நான் அறிவேன். இந்தக் கடிதத்தை முடித்ததும் மனம் மாறியிருப்பேன். அவள் உங்களிடம் மன்னிப்புக் கேட்டு எழுதினால், அவளைத் திட்டாதீர்கள். அவள் நம்பியது என் வார்த்தையை.

சாவியால் சுரண்டியதில் அந்தப் பொத்தானின் அடியில் உள்ள தகடு கிழிந்திருக்கக்கூடும். அதனால்தான் விளக்கை நம்ப வேண்டாம் என்றேன். மருமகனிடம் சொல்லித் தண்டின் உறையைக் கழற்றிப் பொத்தானைப் புதிதாக மாற்றச் சொல்லுங்கள். அந்த மஞ்சளை மட்டும் நீங்கள் துடைக்காதீர்கள். அது என் வேலை.

தபாலை நம்பாமல், நாளைக் காலை தாலாத் பேருந்தில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். பதினெட்டாம் தேதி காலை எட்டு மணி முதல் கணவாயின் தலைப்பில் தேநீர்க் கடைகளுக்கு அருகே நான் நிற்பேன். நிறுத்துவதாக இருந்தால், ஆதப்பன் உட்கார்ந்திருந்த பக்கத்துக் கதவை உள்ளிருந்து திறந்துவிடுங்கள். ஏறி உட்கார்ந்துகொள்கிறேன். கீழே சேரும்வரை ஒரு வார்த்தை பேசமாட்டேன். எந்த கியர் என்று சொல்லவும் மாட்டேன்.

என் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை என்றால் நிறுத்தாமல் போய்விடுங்கள். அதில் எனக்கு வருத்தமில்லை. எஞ்சின் கத்தும் சத்தத்தைக் கேட்டு மூன்றில்தான் இறங்குகிறீர்கள் என்று தெரிந்துகொள்வேன். அது போதும், இக்னாஸ் அண்ணே. அம்மனும் உங்கள் மாதாவும் உங்களைப் பத்திரமாகக் கீழே கொண்டுவந்து சேர்க்கட்டும்.

இப்படிக்கு,
ஆதப்பனின் அண்ணன்
கரியமாணிக்கம்