காரணம்: படிப்பில் நாட்டமின்மை

மே 28, புதன்

காலையிலிருந்து புழுக்கம். மழை வரும்போல இருந்து வரவில்லை.

சேலத்துக் கல்லூரியில் அடுத்த வாரம் கலந்தாய்வு. அம்மா சான்றிதழ்களைப் பையில் அடுக்கினாள். பத்தாவது, பன்னிரண்டாவது மதிப்பெண் பட்டியல் (இரண்டுமே வீட்டிலிருந்து படித்துத் தனித்தேர்வராக எழுதியவை). சாதிச் சான்று. போட்டோ. இல்லாதது டி.சி. கடைசியாகப் படித்த பள்ளியில் வாங்கி வரவேண்டுமாம். நாமக்கல் ஹாஸ்டல் பள்ளி. ஒன்பதாவது பாதியில் விட்டு வந்தது.

அப்பா போர் போடும் ரிக் வண்டியோடு வடக்கே. போனில், "ரெண்டு பேருமே போய்ட்டு வந்துருங்க. அங்க போயி சண்டை கட்டாதீங்க."

ராத்திரி சோறு இறங்கவில்லை. அம்மா பார்க்கும் முன் தட்டைக் கழுவி வைத்தேன்.

மே 29, வியாழன்

நாமக்கல். கேட்டுக்கு வேறு பெயின்ட். மணி மட்டும் அதே மணி.

மார்க் வரிசைப்படிதான் இங்கே சாப்பாட்டுக்கு நிற்க வேண்டும். நான் எப்போதும் கடைசி. சோறு மீதம் இருக்கும். விழுங்கத்தான் முடியாது. வீட்டுக்குக் கூட்டி வந்த அன்று என்னால் நடக்க முடியவில்லை, அப்பா தூக்கிக்கொண்டு வந்தார்.

ஆபீசில் மதியம் வரை உட்கார வைத்தார்கள். வார்டன் மேடம் வந்தார். அம்மாவிடம், "எந்தக் கிளாஸ் அட்மிஷனுங்க?" என்னை அடையாளம் தெரியவில்லை. அவர் செருப்புச் சத்தம் கேட்டு நான் இன்னும் தூக்கத்தில் எழுந்து உட்காருகிறேன்.

டி.சி. கிடைத்தது. பள்ளியை விட்ட காரணம்: படிப்பில் நாட்டமின்மை.

அம்மா: "ஏனுங்க, புள்ளைக்கு ஒடம்பு சரியில்லாமத்தானுங்க கூட்டிட்டுப் போனோம். ஆஸ்பத்திரிச் சீட்டெல்லாம் குடுத்தமே."

கிளார்க்: "பதிவேட்டுல இருக்கறதைத்தானுங்க எழுத முடியும்."

"நாட்டமில்லாமயா பன்னண்டாவது எழுதியிருக்கா?"

"அது உங்க ஊட்டுல படிச்சதுங்க."

பஸ் ஸ்டாண்டில் ரெண்டு டீ.

ஜூன் 1, ஞாயிறு

தூறல். துணி காயவில்லை.

பக்கத்து வீட்டு அக்கா: "இத்தனை வருசம் ஊட்டுல சும்மா இருந்துட்டு எப்புடிக் கண்ணு காலேஜுல போயி உக்காருவே?"

சும்மா! அம்மா பி.எஸ்சி. கணிதம். குக்கர் விசில் எண்ணிக்கொண்டே எனக்கு வகை நுண்கணிதம் சொல்லித் தந்தவள். ஈரத் துணியை அள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

ஜூன் 4, புதன்

கலந்தாய்வு. ஹால் முழுக்கக் கூட்டம். எல்லோரும் கூடப் படித்தவர்களோடு. எனக்கு அம்மா.

மேசையில் இருந்த சார், "எந்த ஸ்கூலு?"

"வீட்டுல படிச்சேங்க சார்." பின்னால் யாரோ சிரித்தார்கள்.

டி.சி.யைப் புரட்டினார். "படிப்புல நாட்டம் இல்லைன்னு போட்டிருக்கே?"

அம்மா வாயைத் திறப்பதற்குள் முந்திக்கொண்டேன். "சாப்பிட முடியலைங்க சார். அதான் நின்னேன். நாட்டம் இருந்துச்சு."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "சரிம்மா." அவ்வளவுதான். இதற்கா ஒரு வாரமாகத் தூங்காமல் கிடந்தேன்?

கணிதத்தில் சீட் இல்லை. எனக்கு முன் நின்ற பெண்ணோடு முடிந்துவிட்டது. கணக்கில் இன்னும் கொஞ்சம் மார்க் இருந்திருந்தால் அவளுக்கு முன்னால் நின்றிருப்பேன். மிச்சம் இருப்பது வரலாறு, அதுவும் மாலை வகுப்பு.

"எடுத்துக்கறியாம்மா? பின்னாடி ஆளுங்க நிக்கறாங்க."

அம்மாவைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்தாள். கையெழுத்துப் போட்டேன்.

ஊருக்குத் திருச்செங்கோடு பஸ். சங்ககிரி தாண்டியதும் அம்மா மெதுவாக, "ஏஞ்சாமி, நான் சொல்லிக் குடுத்தது பத்தலையா?"

உடனே பதில் சொல்லியிருக்க வேண்டும். கண்டக்டர் சில்லறை கேட்டு வந்து நின்றார். அவர் போவதற்குள் அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டாள்.

ஜூன் 5, வியாழன்

நல்ல வெயில். அம்மா வெகுநேரம் எழவில்லை. காபி போட்டு எடுத்துப் போனேன்.

"பத்தாம இல்லம்மா. நாந்தான் ரெண்டு கணக்கைத் தப்பா போட்டுட்டேன்."

சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தபடியே, "சரி சாமி" என்றாள்.